வித்தாச்சு என்று ஒரு சொல்

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் நாலு பரப்புக் காணி, அதாவது 40 பேர்ச். விவரம் அனுப்பியதும் கொமிஷன் பாதி பாதி என்று பேசியதும் இன்னொரு காணித் தரகர்தான். நானும் தரகன்தான். கனடாவிலிருந்து வந்தவர்களை மத்தியான வெயிலில் கூட்டிப் போனால், படலையில் புதுப் பூட்டு. போன வாரமே வித்தாச்சாம்! சொன்னது பக்கத்து வீட்டு அம்மா.

காலையில் மெசேஜ் போட்டேன்; நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. "ஏன் அண்ணை?" என்றால், "நீர் எடுத்துக் கேக்கேல்லையே தம்பி" என்கிறார்.

காணி விற்கும்போது கூட்டுச் சொந்தக்காரருக்கு முதலில் அறிவிக்க யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையே சொல்கிறது. சக தரகனுக்கு ஒன்றுமில்லை. சரி, போகட்டும். பின்னேரமே என் ஆட்களின் நம்பரை எப்படியோ பிடித்து, வேறு காணி இருக்கென்று நேரே கதைத்திருக்கிறார். அதற்கு மட்டும் போன் வேலை செய்கிறது!