லியோன் ஃப்ளைஷரைத் தன்னம்பிக்கைக் கதை ஆக்காதீர்கள்

பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷரைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே பல்லவிதான். வலது கை போயிற்று, போராடினார், பல வருடம் கழித்து இரண்டு கையாலும் வாசித்து ஜெயித்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கை ஏன் போனது என்று கேட்டால் பாதிப் பேர் நழுவிவிடுகிறார்கள்.

1928இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பியானோ மேதை ஆர்தர் ஷ்னாபெலின் மாணவர், பதினாறு வயதில் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் மேடை, 1952இல் பிரஸ்ஸல்ஸ் குயீன் எலிசபெத் போட்டியில் முதல் பரிசு, அப்புறம் ஜார்ஜ் செல் நடத்திய கிளீவ்லேண்ட் இசைக்குழுவோடு பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) பதிவுகள். முப்பத்தாறு வயது வாக்கில் வலது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் தாமாகவே உள்ளங்கைக்குள் மடங்க ஆரம்பித்தன. உடனே மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சாதகத்தைக் கூட்டினார்! கை கெஞ்சக் கெஞ்ச வாசித்தார். அளவுக்கு மீறிய சாதகம்தான் கெடுத்தது என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். அவருக்கு வந்தது ஃபோகல் டிஸ்டோனியா, மூளையிலிருந்து தசைக்குப் போகும் உத்தரவே குழம்பிவிடும் கோளாறு. நோயின் பெயர் தெரியவே 1990கள் ஆயிற்று. இத்தனைக்கும் வலியைச் சொன்னால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று பயப்படும் பிள்ளைகள் இசைப்பள்ளிகளில் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் 'ஃப்ளைஷரைப் பார், விடாமுயற்சி' என்பது அநியாயம்.

நடுவில் போன அந்த முப்பது வருடத்தைக் காத்திருப்பு என்று எழுதுவதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். தற்கொலை வரைக்கும் யோசித்தவர், பால்டிமோர் பீபாடி கல்லூரியில் பாடம் சொன்னார், இசைக்குழு நடத்தினார், இடது கைக்கென்றே எழுதப்பட்டவற்றைத் தேடித்தேடி வாசித்தார். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைனுக்காக பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் எழுதிய கான்செர்ட்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக் கேட்டால் ஒற்றைக் கை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். இடது கையில் கட்டைவிரல் மேல் ஸ்தாயிப் பக்கம் விழுகிறது இல்லையா, இருப்பதிலேயே வலுவான விரல் மெட்டைப் பிடித்துக்கொள்ள மற்ற நான்கும் கீழே ஓடி அடித்தளம் போடுகின்றன, பெடல் அந்தக் கீழ்ச் சுரங்களை அணையாமல் வைத்திருக்க கை மேலே தாவிவிடுகிறது. இதை மேடை மேடையாக வாசித்தவருக்குப் பெயர் 'காத்திருந்தவர்' என்றால் என்ன சொல்ல?

சரி, திரும்பி வந்தது பொய்யா? இல்லை. போடாக்ஸ் ஊசியும் உடல் தசைகளைத் தளர்த்தும் சிகிச்சையும் கைகொடுத்தன, 2004இல் இரு கை வாசிப்பும் ஆல்பமாக வந்தது, ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா அதில் இருக்கிறது, அருமை. ஆனால் நோய் போய்விடவில்லை, அது அடங்கித்தான் இருந்தது. 2020இல் 92 வயதில் காலமானார். அவரைப் புதிதாகக் கேட்பவர்கள் அந்த ஆல்பத்தில் தொடங்காதீர்கள், ஓசாவா நடத்த பாஸ்டன் இசைக்குழுவோடு வாசித்த ராவெலை முதலில் போடுங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம், இசைக்குழுவின் ஆரம்ப முனகல் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது.