விழுந்துபோன ஸ்டோரிக்கு எத்தனை மார்க்?

ஜர்னலிசம் படிக்கிற பசங்களுக்கு கெஸ்ட் லெக்சர் எடுக்கப் போறப்ப எல்லாம் முதல்ல இதத்தான் கேப்பேன். ஒரு ஆபீஸ்ல ஊழல் நடக்குதுன்னு நம்பி மூணு மாசம் தோண்டுறீங்க, கடைசியில எல்லா பேப்பரையும் பாத்தா அங்க ஒண்ணுமே நடக்கல, கணக்கெல்லாம் ஒழுங்கா இருக்கு. இப்ப உங்க ப்ராஜெக்டுக்கு எத்தனை மார்க் வரும்? கிளாஸ்ல சிரிப்பு வரும். போன தடவை ஒரு பொண்ணு மட்டும் எந்திரிச்சு, "வேற டாபிக் மாத்திக்குவோம் சார்"னு சொல்லிச்சு. மாத்த டைம் இல்லேன்னா என்னம்மா பண்ணுவேன்னு கேட்டேன், உக்காந்துருச்சு.

புலனாய்வு ஜர்னலிசம் சொல்லித் தர்றதுல நாம கோட்டை விடுற இடம் இதுதான்னு எனக்குத் தோணுது. தோண்டுறதுக்கு உண்டான வித்தையெல்லாம் பசங்க சீக்கிரம் பிடிச்சுக்குறாங்க. கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர் எங்க கிடைக்கும், தகவல் கேட்டு மனு எப்படிப் போடணும், கோர்ட் ஃபைலை எப்படிப் படிக்கணும், சேட்டிலைட் படத்துல கட்டடம் எந்த மாசம் முளைச்சுதுன்னு எப்படிப் பாக்கணும், இதெல்லாம் என்னைவிட அவங்களுக்கு நல்லாவே வரும். எத்திக்ஸ் மட்டும் தனியா ஒரு பேப்பர், எழுதி பாஸ் பண்ணிட்டா அதோட முடிஞ்சுது. ஸ்டோரி ஒரு ரூம்ல, எத்திக்ஸ் இன்னொரு ரூம்ல.

அமெரிக்காவில நார்த்வெஸ்டர்ன் யூனிவர்சிட்டி கதையை எல்லா ஜர்னலிசம் டிபார்ட்மென்ட்லயும் ஒரு பாடமாவே வைக்கணும். 1982ல நடந்த ஒரு இரட்டைக் கொலை, அதுல ஆன்டனி போர்ட்டர்ங்கிறவருக்கு மரண தண்டனை. 1998ல தண்டனை நாளுக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கோர்ட் நிறுத்தி வச்சது. நார்த்வெஸ்டர்ன்ல ஜர்னலிசம் சொல்லிக் கொடுத்த டேவிட் ப்ரோட்டஸ்ங்கிற பேராசிரியரோட ஸ்டூடன்ட்ஸ் அந்தக் கேஸைக் கையில எடுத்தாங்க, சம்பவம் நடந்த இடத்துக்கே போய் சாட்சி சொன்ன மாதிரி பாத்திருக்க முடியுமான்னு சோதிச்சாங்க, சாட்சி பின்வாங்கினாரு, அவங்களோட சேர்ந்து வேலை செஞ்ச பிரைவேட் டிடெக்டிவ் ஒருத்தர் வேறொரு ஆள்கிட்ட வீடியோவில வாக்குமூலமே வாங்கிட்டாரு. 1999ல போர்ட்டர் வெளிய வந்தாரு. அடுத்த வருஷம் இல்லினாய் கவர்னர் மாநிலம் முழுக்க மரண தண்டனையை நிறுத்தி வச்சாரு. இருபது வயசுப் பசங்க ஒரு உயிரைக் காப்பாத்திட்டாங்கன்னு உலகமே பேசுச்சு, நானும் கிளாஸ் கிளாஸா போய் இதைச் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

மிச்சக் கதை மெதுவாத்தான் வந்துச்சு. வாக்குமூலம் கொடுத்தவரு குற்றத்தை ஒத்துக்கிட்டு 37 வருஷ தண்டனையில உள்ள போனாரு இல்லையா, 2014 அக்டோபர்ல அரசு வக்கீல் ஆபீஸே முன்வந்து அவரை வெளிய விட வச்சாங்க, டிடெக்டிவ் அவர்கிட்ட வாக்குமூலம் வாங்கின விதம் ஏத்துக்கவே முடியாததுன்னு. அந்த ரெண்டு கொலைக்கும் இப்ப குற்றவாளின்னு ஒருத்தரும் இல்ல. நிஜத்துல யார் பண்ணாங்கன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல. ஒரு ஆளை வெளிய கொண்டு வர்ற ஆர்வத்துல இன்னொரு ஆள்கிட்ட எப்படிப் பேசினாங்கங்கிறதை அன்னைக்கு யாரும் கேக்கல, என்னையும் சேத்துத்தான்.

அதே கிளாஸ் எடுத்த வேற ஒரு கேஸ்ல, 2009ல, அரசு வக்கீலுங்க ஸ்டூடன்ட்ஸோட கிரேடைக் கேட்டு சம்மன் அனுப்பினாங்க. கைதி நிரபராதின்னு ஆதாரம் கொண்டு வந்தா நல்ல கிரேடு கிடைக்கும்னு நினைச்சு வேலை பாத்தாங்களான்னு தெரிஞ்சுக்கணுமாம். ஜர்னலிஸ்டை மிரட்டுற வேலைடா இதுன்னு அப்ப எனக்கு செம கோபம், இப்பவும் கோபம்தான். ஆனா மிரட்டுறதுக்குக் கேட்டாலும் கேள்வி சரியான கேள்வி, அதுக்கு எந்த டிபார்ட்மென்ட்கிட்டயும் நேரான பதில் இருக்குமான்னு சந்தேகம். 2011ல ஜட்ஜ் சொன்னாரு, அந்த ஸ்டூடன்ட்ஸ் கைதியோட வக்கீலுக்காக வேலை செஞ்சவங்க, அதனால பத்திரிகையாளருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு இந்தக் கேஸ்ல அவங்களுக்குக் கிடைக்காது, ஈமெயிலையெல்லாம் கொடுங்கன்னு. நீ யாருக்காக வேலை செய்யுறேன்னு முதல் நாளே முடிவு பண்ணலேன்னா பின்னாடி கோர்ட் முடிவு பண்ணும்.

நல்ல நோக்கம் இருந்தா தப்பு வராதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து. ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2014 நவம்பர்ல ஒரு யூனிவர்சிட்டியில ஒரு பொண்ணுக்கு நடந்த பாலியல் வன்முறைன்னு ஒரு கட்டுரை போட்டுச்சு, 2015 ஏப்ரல்ல வாபஸ் வாங்குச்சு. என்ன தப்பு நடந்துச்சுன்னு கொலம்பியா ஜர்னலிசம் ஸ்கூல் அக்குவேறு ஆணிவேறா பிரிச்சு ரிப்போர்ட் கொடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி அந்தப் பொண்ணைப் பாத்ததா சொல்லப்பட்ட மூணு ஃப்ரெண்ட்ஸ், அவங்க பேசினதாவே கட்டுரையில வரிகள் இருக்கு, ஆனா அவங்கள்ல ஒருத்தர்கிட்ட கூட ரிப்போர்ட்டர் பேசல. அவ்வளவுதான் விஷயம், மூணு ஃபோன் கால். அந்தப் பொண்ணை இன்னும் நோகடிக்கக் கூடாதுன்னு விட்ட கால்கள், அது கடைசியில நிஜமாவே பாதிக்கப்பட்ட எத்தனையோ பேரோட வார்த்தையை மத்தவங்க சந்தேகப்படுற மாதிரி ஆக்கிருச்சு.

அதனால என் கிளாஸ்ல நான் பண்றது ஒண்ணுதான். ஒரு டீம் எழுதின டிராஃப்டை அடுத்த டீம்கிட்ட கொடுத்துருவேன், அவங்க வேலை அந்த ஸ்டோரியைக் கொல்றது. ஒவ்வொரு வரிக்கும் "இது உனக்கு எப்படித் தெரியும்?"னு கேக்கணும், டாக்குமென்டா, நேர்ல பாத்தியா, யாரோ சொன்னாங்களா, அந்த யாரோக்கு இதுல என்ன லாபம். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல எவ்வளவு டைம் கொடுத்தேன்னு கேக்கணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மெயில் போட்டுட்டு ஏழு மணிக்கு "பதிலளிக்கவில்லை"ன்னு எழுதுற கலையை நம்ம சீனியர்கள்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டு வர்றாங்க, பசங்களைச் சொல்லிக் குத்தமில்ல.

சோர்ஸை, அதாவது நமக்குத் தகவல் கொடுத்தவங்களை, காப்பாத்துறதும் இந்த மாதிரிதான், மனசுல நேர்மை இருந்தா போதாது. 2017ல அமெரிக்காவில ஒரு செய்தித் தளம் தனக்குக் கிடைச்ச ரகசிய டாக்குமென்ட் ஒரிஜினலான்னு சரிபாக்க அதோட காப்பியை அரசாங்கத்துக்கே காட்டுச்சு. பேப்பர்ல மடிப்புத் தடம் தெரிஞ்சுது, அப்ப யாரோ பிரிண்ட் எடுத்து வெளிய கொண்டு போயிருக்காங்கன்னு பாத்தா பிரிண்ட் எடுத்தது மொத்தம் ஆறே பேர். கொடுத்தவங்களுக்கு அஞ்சு வருஷம் மூணு மாசம் ஜெயில். சரிபாக்குறது நல்ல பழக்கம்தானே, அந்த நல்ல பழக்கம்தான் காட்டிக் கொடுத்துச்சு.

அப்புறம் ஹிடன் கேமரா, வேஷம் போட்டு உள்ள போறது. இந்தப் பேச்சு வந்தாலே ஒரு பையன் நெல்லி பிளைங்கிற அமெரிக்க ரிப்போர்ட்டர் பேரை எடுத்துருவான், 1887ல பைத்தியம் மாதிரி நடிச்சு நியூயார்க் மனநலக் காப்பகத்துக்குள்ள 10 நாள் இருந்தாங்களே சார்னு. இருந்தாங்கப்பா, ஆனா பத்தாவது நாள் அவங்களை வெளிய கொண்டு வர பேப்பர்காரங்க வக்கீலை அனுப்பினாங்க. உனக்கு யார் வருவா? ஸ்டூடன்டை ஃபீல்டுக்கு அனுப்புற எந்த டிபார்ட்மென்டும் முதல்ல ஒரு வக்கீலோட நம்பரையும், ராத்திரி ஃபோன் எடுக்கிற ஒரு எடிட்டரையும் கொடுக்கணும், அது இல்லேன்னா லைப்ரரியில உக்காந்து பழைய ஆடிட் ரிப்போர்ட் படிக்கச் சொல்லுங்க, அதுலயே பத்து ஸ்டோரி இருக்கும்.

இதெல்லாம் எழுத உக்காந்ததுக்குக் காரணம் அந்த டாபிக் மாத்துற பொண்ணுதான். போன வாரம் மெசேஜ் பண்ணிருக்கு. "சார் எங்க ஸ்டோரி விழுந்துருச்சு, அந்த ஆள் மேல தப்பு இல்ல, மூணு சோர்ஸ்ல ரெண்டு பேர் அவரோட பழைய பகையாளின்னு கடைசியிலதான் கண்டுபிடிச்சோம். டாபிக் மாத்தல. எப்படி விழுந்துச்சுன்னு 14 பக்கம் எழுதி சப்மிட் பண்ணிட்டோம். இதுக்கு மார்க் போடலாமான்னு டிபார்ட்மென்ட்ல மீட்டிங் வச்சிருக்காங்க."

மீட்டிங் இன்னும் முடியலயாம்.