எத்தனை வாட் என்று கேட்கும் முன் எத்தனையாவது மாடி என்று சொல்லுங்கள்

வயலின் குடும்பத்தின் பெரியண்ணனான டபுள் பேஸை வாசிக்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது: "சார், எத்தனை வாட் ஆம்ப் வாங்கலாம்?" பதிலுக்கு நான், "வீடு எத்தனையாவது மாடி? லிஃப்ட் இருக்கிறதா?" என்று கேட்பேன். கிண்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆறடி உயர வாத்தியத்தை ஒரு கையால் அணைத்துக்கொண்டு நடப்பவருக்கு மிச்சம் இருப்பது இன்னொரு கையும் ஒரு தோளும்தான். அதற்குள் அடங்காத எதுவும் ஓட்டலின் பின்வாசலிலிருந்து மேடைக்கு இரண்டாவது நடை நடக்க வைக்கும். அந்த நேரத்தில் சுவரோரம் கிடத்திய பேஸை யார் காவல் காப்பது? சமையலறையிலிருந்து தட்டுகளைத் தள்ளிக்கொண்டு வருபவர் அதைப் பார்த்து ஒதுங்குவார் என்று நம்ப எனக்குத் தைரியம் போதாது.

ஆகவே என் கட்சி இது: மொத்தச் சாமான்களும் ஒரே நடையில் மேடைக்கு வந்துவிட வேண்டும். ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்து பத்து கிலோவைத் தாண்டக்கூடாது. எட்டுக்குள் நின்றால் உத்தமம். "அப்படியானால் ஒலியில் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்குமே" என்பார்கள். எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாருக்கு அது ஓரளவு உண்மை. டபுள் பேஸுக்குப் பெரும்பாலும் பொய்.

இந்த வாத்தியத்தைக் கேட்க வைப்பது பழைய தலைவலி. பித்தளை வாத்தியங்களுக்கும் டிரம்ஸுக்கும் நடுவில் அது காணாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற பேஸ் கலைஞர் வாத்தியத்தின் அடியில் தரையில் ஊன்றும் கம்பி வழியாக உள்ளே ஒரு மைக்கைச் செருகினார். 1946இல் அவர் கூட்டாளியோடு தொடங்கிய நிறுவனம்தான் பிறகு ஆம்பெக் என்ற ஆம்ப் கம்பெனி ஆனது. 1951இல் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர், வாத்தியத்துக்குப் பெரிய மரப்பெட்டியே வேண்டாம் என்று எலெக்ட்ரிக் பேஸைக் கொண்டுவந்துவிட்டார். 1960இல் ஆம்பெக்கின் பி-15 வந்தது: 15 அங்குல ஸ்பீக்கர், தலைகீழாகத் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வால்வு ஆம்ப், சக்கரம் வைத்த பலகை. அதற்குச் சுமந்து செல்லும் பெட்டி என்றுதான் பெயர். சுமந்தவர்கள் முதுகைத் தடவிக்கொண்டு வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். முப்பது கிலோவுக்கு மேல். ஆனால் அதன் திறன் 25, 30 வாட்தான். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ இசைத்தட்டுகள் பதிவாயின. எழுபதுகளில் பாலிடோன் கம்பெனியின் சிறிய ஆம்ப் பெட்டியும், வால்டர் வுட்ஸின் கையடக்க ஆம்பும் வந்தபோது டபுள் பேஸ் கலைஞர்கள்தான் முதலில் ஓடிப்போய் வாங்கினார்கள். வேறு யாருக்கு அந்த அவசரம்!

இன்று அந்த அவசரத்துக்கு விடை கிடைத்துவிட்டது. கிளாஸ் டி என்ற வகை ஆம்பில் மின்சாரத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கருக்கே போகிறது, வெப்பமாக வீணாவது குறைவு, எனவே கனமான ஹீட்சிங்க் வேண்டாம். ஸ்விட்சிங் பவர் சப்ளை வந்ததால் இரும்பு டிரான்ஸ்ஃபார்மரும் போயிற்று. ஸ்பீக்கரில் ஃபெரைட் காந்தத்தின் இடத்தை எடை குறைந்த நியோடிமியம் காந்தம் பிடித்தது. முன்பு இரண்டு பேர் தூக்கிய திறன் இன்று ஒன்றரை கிலோவில் அடங்குகிறது.

இனி வாட் கணக்கு. ஆம்பின் வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்று தோன்றும். இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதே 3 டெசிபெல்லை, உணர்திறன் அதிகமான, அதாவது அதே வாட்டுக்கு அதிகச் சத்தம் தரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் வாட் ஏற்றாமலே வாங்கிவிடலாம். இன்னொன்று: பெட்டியில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் 4 ஓம் மின்தடை கொண்ட ஸ்பீக்கர் சுமைக்கானது. 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்றை மட்டும் மாட்டினால் அதில் பாதியோ, பாதிக்குச் சற்று மேலோதான் வெளியே வரும்.

ஸ்பீக்கர் பெட்டி வடிவமைப்பில் ஹாஃப்மனின் இரும்பு விதி என்று ஒன்று உண்டு. சிறிய பெட்டி, ஆழமான தாழ்ஸ்வரம், அதிக உணர்திறன் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். எந்தக் கம்பெனியாலும் இதை மீற முடியாது, விளம்பரம் என்ன சொன்னாலும். நமக்குச் சிறிய பெட்டியும் வேண்டும், சத்தமும் வேண்டும் என்றால் ஆழத்தை விட வேண்டும். டபுள் பேஸ்காரனுக்கு இந்த இடத்தில் ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. கீழ் ஈ தந்தியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். காற்றில் அதன் அலைநீளம் எட்டு மீட்டருக்கும் மேல். நம் வாத்தியத்தின் மரப்பெட்டி அதற்கு மிகச் சிறியது. வாத்தியத்துக்குள் இருக்கும் காற்றின் ஒத்ததிர்வு ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதற்குக் கீழே வாத்தியமே அதிகம் ஒலிப்பதில்லை. நாம் கேட்கும் ஈ ஸ்வரத்தில் அடிப்படை அதிர்வைவிட 82 ஹெர்ட்ஸும் அதன் மேலுள்ளவையும்தான் ஓங்கியிருக்கின்றன. மிச்சத்தை மூளை நிரப்பிக்கொள்கிறது. வாத்தியம் தராத ஒன்றைத் திருப்பித் தருவதற்காக ஏன் 15 அங்குல ஸ்பீக்கரைத் தூக்க வேண்டும்?

உண்மையில் அந்த அடிமட்ட அதிர்வெண்கள் நமக்கு விரோதி. தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் மாட்டிய, அதிர்வை மின்சாரமாக மாற்றும் பீசோ பிக்கப், கை வாத்தியத்தில் படும் தடதடப்பையும், பலகை மேடையில் டிரம்ஸ்காரர் மிதிக்கும் மிதியையும் சேர்த்தே ஆம்புக்கு அனுப்புகிறது. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது அதே சத்தத்துக்கு ஸ்பீக்கரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சிறிய ஸ்பீக்கர் மூச்சுத்திணறுவது இதனால்தான். வாட் போதாமல் இல்லை. இதற்கு மருந்து, ஓர் அளவுக்குக் கீழுள்ள அதிர்வெண்களை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டர். 40க்கும் 60 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் எங்காவது வெட்டிவிடுங்கள். கலங்கிய ஒலி தெளியும், ஃபீட்பேக் ஊளை தள்ளிப்போகும், 8 அங்குல ஸ்பீக்கர் திடீரென்று பெரியதாகக் கேட்கும். ஃபில்டர் இல்லாத 500 வாட்டைவிட ஃபில்டர் உள்ள 150 வாட் மேல் என்று எந்தச் சபையிலும் சொல்வேன்.

எனவே பணம் குறைவாக இருந்தால் செலவின் வரிசை இதுதான். முதலில் நல்ல பிக்கப். அடுத்து ஹைபாஸும், முடிந்தால் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானும் உள்ள ப்ரீஆம்ப், அதாவது பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவில் வரும் சிறு கருவி. ஸ்பீக்கரெல்லாம் அதன் பிறகு. ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பு (இம்பீடன்ஸ்) ஒரு மெகாஓமாவது இருக்க வேண்டும். சில பிக்கப்புகளுக்குப் பத்து தேவை. பீசோவை நேரே மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகிவிட்டு, "ஒலி தகரம் மாதிரி இருக்கிறதே" என்று வாத்தியத்தைத் திட்டுபவர்களைப் பார்க்கும்போது வாத்தியத்தின் மேல் எனக்குப் பரிதாபம் வருகிறது.

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போவா, தனித்தனியா? நான் தனித்தனி கட்சி. ஒன்றரை கிலோ ஆம்ப் தோள்பையில், 8 அல்லது 10 அங்குல நியோடிமியம் பெட்டி கையில். ஆம்பை பேஸ் உறையின் பாக்கெட்டில் மட்டும் போடாதீர்கள். உறையைச் சாய்க்கும்போது அது வாத்தியத்தின் மேற்பலகையில்தான் முட்டும். ஃபில் ஜோன்ஸ் கம்பெனியின் நான்கு அல்லது ஐந்து அங்குல ஸ்பீக்கர் காம்போக்களும், தரையைப் பார்த்த ஸ்பீக்கர் வைத்த அக்கூஸ்டிக் இமேஜ் கம்பெனியின் காம்போக்களும் இந்த வாத்தியத்தைப் புரிந்துகொண்டு செய்யப்பட்டவை; கிடைத்தால் மறுக்க மாட்டேன். ஆனால் சென்னையில் கடைக்குப் போய்த் தட்டிப் பார்த்து வாங்க முடிகிற பொருள்களா அவை? அதனால்தான் இன்னொரு வழியையும் சொல்கிறேன், தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்ளலாம். நல்ல ப்ரீஆம்ப் ஒன்றோடு, சவுண்டு சர்வீஸ்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஆம்பை உள்ளேயே கொண்ட 8 அங்குல பவர்டு ஸ்பீக்கர். எடை என் வரம்பைக் கொஞ்சம் தாண்டும். ஆனால் இங்கேயே கிடைக்கும், வில்லால் வாசிக்கும்போது மேல்ஸ்தாயி இயல்பாக வரும், பழுதானால் பார்க்க ஆள் உண்டு.

எடையைப் போலவே பருமனும் முக்கியம். சிறிய காரில் முன் இருக்கையைச் சாய்த்து, பேஸின் தலைப்பகுதி டாஷ்போர்டுக்குப் போகும்படி படுக்க வைத்தால் ஓட்டுநருக்குப் பின்னால் ஒரே ஓர் இடம் மிஞ்சும். அங்கே நான் உட்கார வேண்டும். ஆம்ப் என் மடியில். மடியில் வைத்துத் திருவான்மியூரிலிருந்து எழும்பூர் வரை போக முடியாத ஆம்ப் எனக்கு வேண்டாம்.

மேடையில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். உள்ளே காலியான பலகை மேடை தானும் சேர்ந்து பாடும். ஒரு நாற்காலியில், சுவர் மூலையிலிருந்து தள்ளி, உங்கள் பக்கவாட்டில் வையுங்கள். காதுக்கு நெருங்கிவிட்டால் பாதி சத்தம் போதும்.

திறந்தவெளி வரவேற்பு நிகழ்ச்சிக்கு இந்தச் சிறிய பெட்டி போதுமா? போதாது, போதவும் வேண்டியதில்லை. ஆம்பின் பின்னாலுள்ள எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று முனை வெளியீட்டிலிருந்து சவுண்டு சர்வீஸ்காரருக்கு ஒரு கேபிள் கொடுத்துவிடுங்கள். கூட்டத்துக்குக் கேட்க வைப்பது அவர் வேலை, உங்களுக்குக் கேட்க வைப்பது பெட்டியின் வேலை. "பேஸ்" என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கை தாழ்ஸ்வரக் குமிழை வலக்கோடிக்குத் திருப்பும். ஹைபாஸ் உங்கள் ப்ரீஆம்பிலேயே இருந்தால் அந்தத் தாக்குதலையும் ஓரளவு தாங்கலாம். பழைய மண்டபங்களில் எர்த் சரியில்லாமல் இரைச்சல் வந்தால் அந்தக் கேபிளின் எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்துங்கள். பிளக்கின் எர்த் காலை உடைக்கும் வீரம் வேண்டாம்.

கடைசியாக, அமெரிக்காவிலிருந்து அண்ணனோ மாமாவோ வாங்கி வரும் ஆம்ப் பற்றி. எடை குறைந்த ஆம்புகளில் பல 100 முதல் 240 வோல்ட் வரை தானே அனுசரித்துக்கொள்ளும். ஆனால் எல்லாமும் அப்படி இல்லை. 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அதற்கு ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்; அது ஆம்பைவிடக் கனமாக இருக்கும், ஆக ஒரே நடைக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும். பணம் அனுப்பும் முன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இன்னொரு குறையையும் மறைக்க விரும்பவில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப் புகைந்தால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம் யாராவது திறந்து பார்த்துச் சரிசெய்துவிடுவார். கிளாஸ் டி பலகை போனால் பெரும்பாலும் பலகையையே மாற்ற வேண்டும், அது கடல் கடந்து வர வேண்டும். நான் தனித்தனி கட்சியில் இருப்பதற்கு இதுவும் காரணம். ஆம்ப் படுத்தாலும் பெட்டி பிழைத்திருக்கும், ப்ரீஆம்பிலிருந்து நேரே சவுண்டு சர்வீஸுக்குக் கொடுத்து அன்றைய நிகழ்ச்சியை முடித்துவிடலாம்.

வாத்தியத்தோடு வந்து இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பார்க்க விரும்புபவர்கள் சொல்லிவிட்டு வாருங்கள். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது.