எடுத்தாச்சுன்னு சொன்னா எடுத்திருக்கணும்

எடுத்தாச்சுன்னா எடுத்திருக்கணும். இல்லைன்னா இன்னின்னது எடுக்கல, இங்க இங்க கிடக்குன்னு சொல்லணும். மின்ட் மாதிரி லினக்ஸ்ல மென்பொருளைப் போடவும் எடுக்கவும் 'ஆப்ட்'னு ஒரு கருவி இருக்கு. அதுல இது ரெண்டும் செய்யாத ஒரு கட்டளைக்கு 'ரிமூவ்'னு பேரு. வருஷக்கணக்கா இதைப் பொறுத்துப் போறோம், இன்னும் எத்தனை நாளைக்கு?

பழைய வண்ணாரப்பேட்டையில ஒரு டிடிபி கடை. ராத்திரி 8 மணி. காசிமேட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து நிக்கிறார், கையில துண்டுச்சீட்டு, இறந்துபோன பெரியவரோட போட்டோ. கண்ணீர் அஞ்சலி பேனர். விடியுறதுக்குள்ள தெருமுனையில கட்டியாகணும். கடை மெஷின்ல ஓடுறது லினக்ஸ் மின்ட். அன்னிக்கு மத்தியானம்தான் பழைய தட்டச்சு மென்பொருளான எஃப்சிட்டெக்ஸை ஆப்ட் ரிமூவ் போட்டு எடுத்துட்டு, ஐபஸ்ங்கிற புது தட்டச்சு மென்பொருளும், அதுல தமிழ் விசைப்பலகை தர்ற எம்17என் பொதியும் (பேக்கேஜ்) போட்டிருக்காங்க. முறையா போட்டிருக்காங்க. ஒரு எரர் இல்ல. திரை ஓரப் பட்டையில தமிழ்99னு விசைப்பலகை பேரும் வந்துடுச்சு.

'அமரர்'னு அடிக்கிறாங்க. திரையில ஏ, கே, எம், ஏ, எம், எஃப். ஆறு ஆங்கில எழுத்து.

மறுபடி அடிக்கிறாங்க. அதே ஆறு எழுத்து. பட்டையில தமிழ்99 தேர்வாகித்தான் இருக்கு. ஐபஸ்ஸை ரீஸ்டார்ட் பண்றாங்க. அதே ஆறு எழுத்து. எம்17என் பொதியை எடுத்துட்டுத் திரும்பப் போடுறாங்க. மெஷினை அணைச்சு ஏத்துறாங்க. எந்தத் தட்டச்சு மென்பொருள் வேணும்னு சொல்ற ஐஎம்-கான்ஃபிக்ல ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுக்கிறாங்க, லாக்அவுட், லாகின். அதே ஏ, கே, எம், ஏ, எம், எஃப். மணி 9 ஆயிடுச்சு. பெஞ்சுல குந்தியிருந்தவர் எழுந்து வந்து கேட்டார்: "தம்பி, எங்க அப்பா பேரை அடிக்க இவ்ளோ நேரமாப்பா?"

இதுக்கு என்ன பதில் சொல்றது? எடுத்துட்டோம்னு சொன்ன மென்பொருள் இன்னும் உள்ளேர்ந்து ஆட்டிப் படைக்குதுன்னு, அப்பா செத்த வீட்டுலேர்ந்து வந்தவர்கிட்ட எப்படிச் சொல்றது?

விஷயம் இதுதான். மெஷினோட பொது அமைப்பெல்லாம் இருக்கிற எட்சி டைரக்டரிக்குள்ள 'என்விரான்மென்ட்'னு ஒரு கோப்பு. அதுல மூணு வரி. ஜிடிகே ஐஎம் மாட்யூல், க்யூடி ஐஎம் மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ். மூணுக்கும் மதிப்பு எஃப்சிட்டெக்ஸ். அந்த மென்பொருளை முதல்ல போட்டப்போ, இந்த மூணு வரியையும் கையால சேர்க்கச் சொல்லி வழிகாட்டிகள் பலதும் சொல்லுது. சேர்த்தாங்க. மென்பொருள் போயிடுச்சு, வரி போகல. லாகின் ஆன உடனே ஒவ்வொரு நிரலும் அந்த வரியைப் படிச்சுட்டு எஃப்சிட்டெக்ஸைத் தேடுது. அது இல்ல. இல்லைன்னா ஒரு எச்சரிக்கை வரணுமா வேணாமா? வராது. சத்தமே இல்லாம சாதாரண ஆங்கில உள்ளீட்டுக்குப் போயிடும். ஐபஸ் பாட்டுக்கு ஓரமா ஓடிட்டிருக்கும், அதை எவனும் கூப்பிட மாட்டான். ஐஎம்-கான்ஃபிக்ல மாத்தியும் ஏன் மாறலைன்னா, அந்த மூணு வரியில இருக்கிற மாறிகளை ஏற்கெனவே வெச்சிருந்தா அது எதையும் தொடாம ஒதுங்கிக்கும். அப்படித்தான் எழுதியிருக்காங்க.

இதைக் கண்டுபிடிக்கிற வழி ஒரு வரிதான். டெர்மினல்ல பிரின்ட்என்வ் அடிச்சு, அதை எழுத்தைத் தேடித் தர்ற க்ரெப்புக்கு அனுப்பி 'ஐஎம் மாட்யூல்' இருக்கான்னு பாருங்க. எடுத்த மென்பொருள் பேரு அங்க நின்னா, அதை யார் வெச்சதுன்னு தேடணும். முதல்ல எட்சி என்விரான்மென்ட். அடுத்து வீட்டு டைரக்டரியில புள்ளி ப்ரொஃபைல், புள்ளி எக்ஸ்ப்ரொஃபைல், புள்ளி எக்ஸ்இன்புட்ஆர்சி. கடைசியா புள்ளி கான்ஃபிக்குக்குள்ள இருக்கிற ஆட்டோஸ்டார்ட், என்விரான்மென்ட்.டி. க்ரெப்புக்கு மைனஸ் ஆர்என் கொடுத்து பழைய பேரைத் தேடினா எந்தக் கோப்பு, எத்தனாவது வரின்னு காட்டிடும். வரியை நீக்குங்க. ஐஎம்-கான்ஃபிக் மைனஸ் என் ஐபஸ்னு கொடுங்க. டெர்மினலை மட்டும் மூடித் திறந்தா பத்தாது, முழுசா லாக்அவுட் பண்ணிட்டு வரணும், ஏன்னா அந்தக் கோப்பை லாகின் நேரத்துலதான் படிக்கும்.

9.40க்கு 'அமரர்' வந்துச்சு. மூணு வரிக்கு ஒரு மணி நாப்பது நிமிஷம்.

இதுக்கு ஒரு நியாயம் சொல்வாங்க. அந்த வரிகளை பொதி எழுதல, மனுஷன் எழுதினான், அதனால பொதிக்குத் தெரியாதாம். புள்ளி எக்ஸ்இன்புட்ஆர்சி வீட்டு டைரக்டரியில இருக்கு, பொதி மேலாளர் எவன் வீட்டுக்குள்ளயும் நுழையாதாம். சரி, நுழைய வேணாம். ஒரு மெஷின்ல பத்துப் பேர் கணக்கு இருக்கலாம், அமைப்பை வெச்சுக்கணும்னு ஒருத்தர் நினைக்கலாம், அழிச்சா திரும்ப வராது, எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா வாய் இருக்கில்ல? ராயபுரத்துல ஒண்டுக்குடித்தனத்தைக் காலி பண்றவங்ககூட 'பரண்மேல ரெண்டு மூட்டை கிடக்கு, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன்'னு சொல்லிட்டுத்தான் சாவியைக் கொடுப்பாங்க. இதுக்கு அந்த மரியாதைகூட இல்ல.

பொதியே எழுதின கோப்பை எடுக்குறதுலயாவது ஒழுங்கு இருக்கா? அதுவும் இல்ல. ஆப்ட் ரிமூவ் போட்டா நிரல் போகும், எட்சியில இருக்கிற அமைப்புக் கோப்பு அப்படியே நிக்கும். ஆப்டுக்கு அடியில வேலை செய்யுற கருவி டிபிகேஜி. டிபிகேஜி மைனஸ் எல் அடிச்சு, வரி ஆரம்பத்துல 'ஆர்சி'ன்னு இருக்கிறதை மட்டும் க்ரெப் பண்ணிப் பாருங்க. ஆர்னா எடுக்கச் சொன்னது, சின்னா கான்ஃபிக் இன்னும் இருக்கு. நாலு வருஷமா ஓடுற மெஷின்னா வயிறு எரியும், எப்பவோ போட்டுத் தூக்கின பொதியெல்லாம் வரிசையா நிக்கும். அதையெல்லாம் ஒரே அடியா எடுக்க, அமைப்புக் கோப்பையும் சேர்த்து அழிக்கிற ஆப்ட் பர்ஜுக்குப் பின்னாடி ஒற்றை மேற்கோளுக்குள்ள டில்டே குறியும் சி எழுத்தும் போட்டா போதும். முதல்ல ஆப்ட் லிஸ்ட்டுக்கு அதையே கொடுத்து எதெல்லாம் போகுதுன்னு படிச்சிடுங்க. கண்ணை மூடிட்டு ஒய் தட்டாதீங்க. டேட்டாபேஸ் சர்வரை பர்ஜ் பண்ணும்போது தரவையும் அழிக்கலாமான்னு ஒரு கேள்வி வரும், அதுக்கு ஆமான்னுட்டா கடைக் கணக்கு மொத்தமும் போச்சு.

இதைவிட வெறி ஏத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. கோவத்துல மனுஷன் என்ன பண்றான்? மிச்சம் கிடக்குற டைரக்டரியை ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போட்டுத் தூக்கிடறான். நியாயமான கோவம். உதாரணத்துக்கு என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர். ரிமூவ் பண்ணியாச்சு, எட்சிக்குள்ள இருந்த என்ஜின்எக்ஸ் டைரக்டரியையும் கையால அழிச்சாச்சு. புதுசா சுத்தமா போடலாம்னு ஆப்ட் இன்ஸ்டால் அடிச்சா, என்ஜின்எக்ஸ்.கான்ஃப் கோப்பு இல்லைன்னு சர்வீஸ் கிளம்பவே கிளம்பாது. இப்போதானே இன்ஸ்டால் பண்ணோம், அந்தக் கோப்பை வெக்க வேண்டியது உன் வேலைதானே? டிபிகேஜி என்ன நினைக்குதுன்னா, 'இந்த அமைப்புக் கோப்பு இங்க இருந்துச்சு, இவர் வேணும்னே அழிச்சிருக்கார், அவர் விருப்பத்தை மதிச்சுத் திரும்ப வெக்க மாட்டேன்'. எடுக்கச் சொன்னப்போ எடுக்காம, வெக்கச் சொல்றப்போ வெக்காம, ரெண்டு தடவையும் நம்ம விருப்பத்தை மதிக்கிறதாத்தான் சொல்லிக்கும்.

சரி, பர்ஜ் பண்ணிடலாம்னு ஆப்ட் பர்ஜ் என்ஜின்எக்ஸ் அடிச்சாலும் தீராது. அந்த அமைப்புக் கோப்புக்குச் சொந்தக்காரர் என்ஜின்எக்ஸ்-காமன்னு இன்னொரு பொதி. அதைப் பேர் சொல்லி பர்ஜ் பண்ணிட்டு மறுபடி போடணும். பர்ஜ் பண்ண மனசில்லைன்னா, இன்ஸ்டால் கட்டளையில ரீஇன்ஸ்டாலோட டிபிகேஜிக்கான விருப்பமா ஃபோர்ஸ்-கான்ஃப்மிஸ் சேர்த்துக் கொடுங்க, காணாமப் போன கோப்பைத் திரும்ப வெச்சிடும். எந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம்னு தெரிய டிபிகேஜி மைனஸ் பெரிய எஸ், பின்னாடி கோப்போட பாதை. தயவுசெஞ்சு எதை எடுக்கிறதுக்கும் முன்னாடி டிபிகேஜி மைனஸ் பெரிய எல் அடிச்சு, அந்தப் பொதியோட பட்டியலை ஒரு கோப்புல சேமிச்சு வெச்சிடுங்க. எடுத்த பிறகு அந்தப் பட்டியல் முழுசா கிடைக்காது.

"டைரக்டரி காலியா இல்ல, அதனால எடுக்கல"ன்னு ஒரு எச்சரிக்கை எப்பவாவது ஓடும். நூறு வரிக்கு நடுவுல, கண் இமைக்கிறதுக்குள்ள மேல போயிடும். உள்ள என்ன இருக்குன்னும் சொல்லாது. தான் போட்டதா எழுதி வெச்சிருக்கிற கோப்பை மட்டும்தான் டிபிகேஜி எடுக்கும். நிரல் ஓடும்போது அதுவா உண்டாக்கிக்கிட்ட பதிவு, தற்காலிகக் கோப்பு, தரவு எதுவும் அந்தக் கணக்குல வராது.

உடனே ஒரு கூட்டம் கிளம்பும். 'சில கேபி தானே, கிடந்தா கிடக்கட்டும்.' கேபியா? வீட்டு டைரக்டரிக்குப் போய், எது எவ்ளோ இடம் புடிக்குதுன்னு காட்டுற என்சிடியு ஓட்டிப் பாருங்க. புள்ளி கேஷுக்குள்ள எப்பவோ எடுத்த பிரவுசரோட கேஷ் ஜிபி கணக்குல நிக்கும். ஆப்ட் இல்லாம ஃபிளாட்பேக்ங்கிற இன்னொரு வழியில போட்டதை எடுத்தா, புள்ளி வாருக்குள்ள ஆப் டைரக்டரியில அதோட தரவு முழுசும் இருக்கும். எடுக்கும்போதே டிலீட்-டேட்டான்னு சேர்த்துச் சொல்லணும், பின்னாடி அன்யூஸ்டுன்னு ஒரு தடவை ஓட்டினாத்தான் யாருக்கும் வேண்டாத ரன்டைம் போகும். உபுண்டுல ஸ்னாப்ங்கிற வழியில போட்டதை எடுத்தா, கேக்காமலே தரவை ஸ்னாப்ஷாட் எடுத்து 31 நாள் வெச்சுக்கும். இடம் பத்தலைன்னு எடுத்தா, எடுக்கிறதுக்கே இடம் புடிக்குது. ஸ்னாப் சேவ்டுன்னு அடிச்சா எண் தெரியும், அந்த எண்ணை ஸ்னாப் ஃபர்கெட்டுக்குக் கொடுங்க. அடுத்த தடவை ரிமூவ் கூடவே பர்ஜ் சேர்த்திடுங்க. பெரிய பதிவுக் கோப்பை அழிச்சும், காலி இடத்தைக் காட்டுற டிஎஃப்ல இடம் கூடலைன்னா, அதைத் திறந்து வெச்சிருக்கிற நிரல் இன்னும் ஓடுதுன்னு அர்த்தம். எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 அடிச்சா யாருன்னு தெரியும், அந்த சர்வீஸை நிறுத்தினாத்தான் இடம் வெளிய வரும்.

அளவே பிரச்சினை இல்லைங்கிறதுக்குத்தான் அந்தக் கடை கதை. ஒரு கேபிகூட வராத மூணு வரி ஒரு சாவு வீட்டைக் காக்க வெச்சிருக்கு. எடுத்த பிடிஎஃப் நிரலோட பேரு எந்தக் கோப்பை எது திறக்கணும்னு சொல்ற மைம்ஆப்ஸ்.லிஸ்ட்ல அப்படியே நிக்கும். வெளி ரெப்போ, அதாவது வெளியார் வெச்சிருக்கிற மென்பொருள் கிடங்கு வழியா போட்டதை எடுத்தாலும் சோர்சஸ்.லிஸ்ட்.டிக்குள்ள அதோட முகவரி நிக்கும், அந்த சர்வர் என்னிக்கு மூடுதோ அன்னிலேர்ந்து ஒவ்வொரு ஆப்ட் அப்டேட்டும் எரர்னு கத்தும். சர்வீஸ்களைக் கிளப்புற சிஸ்டம்டிக்குக் கையால போட்ட கோப்பு, இல்லாத நிரலைக் கிளப்பப் பாத்துத் தோத்துக்கிட்டே இருக்கும். டிஸேபிள் பண்ணி, கோப்பை அழிச்சு, டீமன்-ரீலோட் கொடுத்து, ரீசெட்-ஃபெயில்டும் கொடுத்தாத்தான் ஓயும்.

ஒரே சொடுக்குல சுத்தம்னு சொல்ற கருவிகளை நம்பி உக்காராதீங்க. கேஷைக் காலி பண்ணும், அந்த மூணு வரியை அதுக்கும் தெரியாது. புள்ளி கான்ஃபிக்ல சந்தேகமா ஒரு டைரக்டரி இருந்தா உடனே அழிக்காதீங்க, எம்வி போட்டு வேற ஒரு இடத்துக்கு நகர்த்தி ஒரு வாரம் விட்டுப் பாருங்க. எதுவும் உடையலைன்னா அப்புறம் அழிக்கலாம். எம்மாம் பேஜார் பாருங்க, ஒரு மென்பொருளைப் போட அஞ்சு நிமிஷம், அதை அனுப்பி வெக்க ஒரு வாரம்.

கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். ரிமூவ் முடிஞ்சதும் கடைசியா ரெண்டு வரி. 'எட்சியில இது நிக்குது, வீட்டு டைரக்டரியில இந்தப் பேர்ல இருக்கு, நான் தொடல.' அழிக்க வேணாம்யா, சொன்னா போதும்.

அந்த பேனரும் அத்தோட முடியல. 9.40க்கு தமிழ் வந்து, பேரு அடிச்சு, ஃபிளக்ஸ் அச்சுக்கு அனுப்பினா, அங்கேர்ந்து போன் வருது: "யூனிகோட் வேணாம்ணே, எங்க மெஷின்ல பிரியுது, பாமினியில அடிச்சு அனுப்புங்க." பாமினியில! இத்தனை வருஷம் கழிச்சு, இன்னும் யூனிகோட் இல்லாத அந்தப் பழைய எழுத்துரு பாமினியில!