கூகுள் இருக்கும்போது நூலக வகுப்பு எதற்கு என்று சிரித்தவர்களுக்கு

அந்தப் பதிவை நானும் பார்த்துவிட்டேன். இரண்டு நாளாக ஆளாளுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறீர்கள், போதும். எழுதியவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்கும் எனக்கும் பொது நண்பர்கள் நிறைய. "நூலகத்தில் தேடுவது எப்படி என்று பல்கலைக்கழகத்தில் ஒரு பாடமாம், அடுத்த செமஸ்டரில் பேனா மூடியைத் திறப்பது எப்படி என்று நடத்துவார்கள் போல" என்று ஒரு பேராசிரியர் எழுதுகிறார், அதற்குக் கீழே எண்ணூற்றுச் சொச்சம் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் எனக்குத் தெரிந்த ஆய்வு மாணவர்கள் மட்டும் பதினோரு பேர். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

தேடுவது ஒரு திறமை. அது தானாக வராது, யாராவது சொல்லித்தர வேண்டும். இந்தப் பதிவு முழுக்க இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், அலுப்பாக இருந்தால் இப்போதே நகர்ந்துவிடலாம்.

"கூகுளில் தட்டத் தெரியாதவன் எவன்?" தட்ட எல்லோருக்கும் தெரியும் சார். எதைத் தட்டினாலும் ஏதோ ஒன்று வந்துவிடுகிறது, சிக்கலே அங்கேதான். ஒன்றுமே வராமல் போனாலாவது நமக்குத் தேடத் தெரியவில்லை என்று உறைக்கும்.

எனக்கு உறைக்க ஏழு மாதம் ஆனது. வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. ஏழு மாதமும் நான் தேடியது ஒரே ஒரு சொல்லை, 'ஹவுஸ்மெய்ட்'. முப்பது, முப்பத்தைந்து கட்டுரை கிடைத்தது. எல்லாவற்றையும் அடிக்கோடிட்டுப் படித்து, ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இரண்டாம் இயலின் முதல் பத்தியிலேயே "இப்பொருள் குறித்த ஆய்வுகள் மிகவும் அரிதாகவே உள்ளன" என்று கம்பீரமாக எழுதி வைத்தேன். என் ஆய்வை மதிப்பிடும் குழுக் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒருவர் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "அரிதாகவா?" என்று மட்டும் கேட்டார். அறையில் யாரோ இருமினார்கள். வேறொன்றும் நடக்கவில்லை, ஆனால் இன்றைக்கும் அந்த 'அரிதாகவா' சில ராத்திரிகளில் காதில் கேட்கும்.

மறுநாள் நூலகத்துக்குப் போனேன். தேடுவதற்காக இல்லை, யார் கண்ணிலும் படாமல் உட்கார இடம் வேண்டும் என்றுதான். அங்கே இருந்த துணை நூலகர், மூன்று ஆண்டுகளாக நான் வணக்கம்கூடச் சொல்லாமல் கடந்துபோன ஒரு மேடம், என்ன தேடுறீங்க தம்பி என்றார். சொன்னேன். "சரி, இதையே இன்னொருத்தர் வேற என்ன சொல்லால சொல்லியிருப்பார்?" என்று கேட்டார். விழித்தேன். பயன்பாட்டில் இல்லாத பழைய நூற்பட்டியல் அட்டை ஒன்றைத் திருப்பிப்போட்டு, என் தலைப்பின் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒன்றாகப் பென்சிலால் மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் மேலிருந்து கீழாக எழுதிக்கொண்டே போனார்: பழைய புத்தகமென்றால் 'சர்வன்ட்ஸ்', அப்புறம் 'டொமஸ்டிக்ஸ்', 'ஹவுஸ்ஹோல்ட் எம்ப்ளாயீஸ்', 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 189ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்ததே, அதில் 'டொமஸ்டிக் ஒர்க்கர்ஸ்', அதையொட்டி வந்த சட்டக் கட்டுரைகளிலும் அதுதான், பெண்ணிய ஆய்வாளர்கள் என்றால் 'கேர் ஒர்க்'. கட்டத்துக்குள் இருக்கும் சொற்களுக்கு நடுவே 'ஆர்' (ஏதாவது ஒன்று இருந்தால் போதும்), ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவே 'அண்ட்' (எல்லாக் கட்டத்திலிருந்தும் ஒன்று இருந்தாக வேண்டும்). சொல்லின் வேரை மட்டும் எழுதிப் பின்னால் ஒரு நட்சத்திரக்குறி (அந்த வேரில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வந்துவிடும்), சேர்ந்தே வர வேண்டிய சொற்களுக்கு மேற்கோள்குறி. மொத்தம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். திரையில் வந்த எண்ணிக்கையைப் பார்த்து எனக்குக் காது சூடானது.

நான் ஒன்றும் முட்டாள் இல்லை, கல்லூரிப் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் முதல் முறையே தேறியவன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். மருத்துவ நூற்பட்டியலில் மாரடைப்புக்கு அதிகாரப்பூர்வத் தலைப்பு 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்று ஒருவனுக்குப் பிறவியிலேயே தெரிந்திருக்குமா? சுப்பிரமணியன் என்கிற ஒரே பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள், அதில் ஒன்றை மட்டும் தேடினால் அவர் எழுதியதில் பாதி கண்ணில் படாமலே போகும் என்று யார் வந்து கனவில் சொல்வார்கள்? ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதன் கடைசிப் பக்கத்து மேற்கோள் பட்டியலை வைத்துப் பின்னோக்கிப் போகலாம், அதையே பின்னால் யார் யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பிடித்து முன்னோக்கியும் வரலாம். இந்த இரண்டாவது வழிக்காகவே 1964இல் மேற்கோள் அட்டவணை ஒன்று வந்துவிட்டது. எனக்கு அது தெரிந்தபோது வயது இருபத்தெட்டு.

"நாங்க எல்லாம் இந்த வகுப்பு இல்லாமத்தான் டாக்டரேட் வாங்கினோம்" என்று ஒருவர் வந்து நிற்பார், தெரியும். வாங்கினீர்கள், வாழ்த்துகள். உங்கள் இரண்டாம் இயலை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். 2017இல் வெளியே வந்த கூத்து ஒன்று நினைவிருக்கிறதா? மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு பெரிய பதிப்பகம் கொடுத்த மாதிரி வரி, அப்படியொரு கட்டுரையே உலகத்தில் கிடையாது, அதைக் கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. யாரோ அழிக்க மறந்தார்கள், யாரோ அப்படியே ஒட்டினார்கள். எல்லோரும் தேடத் தெரிந்தவர்கள்தான், பாவம்.

"இனிமேல் ஏஐ எல்லாம் பார்த்துக்கொள்ளும்." பார்த்துக்கொள்ளும் லட்சணம் தெரியும். 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த தீர்ப்புகளை நம்பி நீதிமன்றத்தில் மனு போட்டு, அந்தத் தீர்ப்புகளே இல்லை என்று தெரிந்து, 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். ஒரு கட்டுரை நிஜமாகவே இருக்கிறதா, எந்த இதழில் வந்தது, அதற்கப்புறம் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பதும் இந்தப் பாடத்தில்தான் வரும். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றதே 2010இல்தான். திரும்பப் பெற்றது தெரியாமலே அதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களை நான் இதே முகநூலில் பார்த்திருக்கிறேன்.

"பாதி இதழ்களுக்குச் சந்தாவே இல்லை, தேடிக் கண்டுபிடித்து என்ன செய்ய?" இது நியாயமான கேள்வி, கோபப்பட முடியாது. ஆனால் ஆசிரியரே எங்காவது இலவசப் பிரதி போட்டிருக்கிறாரா என்று பார்க்கலாம், அவருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் போடலாம், நூலகம் வழியாக வேறொரு நூலகத்திலிருந்து இரவல் கேட்கலாம். இந்த மூன்றையும் எனக்குச் சொன்னது அந்த மேடம்தான், என் நெறியாளர் இல்லை. வகுப்பு போரடிக்கும் என்கிறீர்களா? போரடிக்கட்டும். எந்த வகுப்பு போரடிக்கவில்லை?

இவ்வளவுக்கும் அந்தப் பதிவு என்னை இத்தனை உறுத்தியிருக்காது. கீழே ஒரு கமெண்ட் இருந்தது, "புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவங்க எல்லாம் பாடம் எடுக்க ஆரம்பிச்சா அப்புறம் நாம எதுக்கு" என்று. பேராசிரியர் அதற்கு ஒரு ஹார்ட் வேறு போட்டிருக்கிறார். இந்திய நூலகவியலின் தந்தை என்கிறோமே, அந்த ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்துவிட்டு 1924இல் நூலகரானவர். 1931இல் அவர் எழுதிய நூலகத்துக்கான ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அவரும் புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்தான், இல்லையா? நூலகருக்கும் பட்டம் உண்டு, அவரும் நெட் எழுதித்தான் வருகிறார். ஆனால் எத்தனை கூட்டங்களில் அவருக்கு நாற்காலி கடைசி வரிசையில், எத்தனை பேர் அவரைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் "லைப்ரரில சொல்லிடுங்க" என்கிறோம்.

"என்கிறோம்" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நேற்று ராத்திரி இந்தப் பதிவுக்காகவே என் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நூற்பட்டியல் அட்டை இன்னும் அதற்குள் இருக்கிறது, பென்சில் எழுத்து மங்கிவிட்டது. நன்றியுரை மூன்றரைப் பக்கம். நெறியாளர், நெறியாளரின் துணைவியார், குழுவில் இருந்த அத்தனை பேர் ('அரிதாகவா' உட்பட), விடுதி நண்பர்கள், பைண்டிங் செய்து கொடுத்தவர் வரைக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லியிருக்கிறேன். மேடத்தின் பெயரை இரண்டு முறை தேடினேன். இல்லை. "நூலகத்தாருக்கும்" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது.