துவாலு வளர்கிறதுதான், ஆனால்…

பசிபிக் பெருங்கடலின் சிறு தீவு நாடான துவாலுவைப் பற்றி, "துவாலு மூழ்கவில்லை, வளர்கிறது, கடல்மட்ட உயர்வே கட்டுக்கதை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி ஓரளவு உண்மை. 2018-இல் வெளியான ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வு, 1971 முதல் 2014 வரை துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியதாகச் சொல்கிறது. ஆனால் அதே கட்டுரை, அங்கே கடல்மட்டம் உலகச் சராசரியைப் போல இரு மடங்கு வேகத்தில் உயர்ந்தது என்றும் சொல்கிறது. அந்த வரியை மட்டும் வசதியாக விட்டுவிட்டார்!

அலைகள் பவளத்திட்டின் மணலையும் சரளையையும் கரையில் கொண்டுவந்து சேர்ப்பதால் தீவுகள் அகலமாகின்றன. சில தீவுகள் சுருங்கியும் இருக்கின்றன. அகலம் கூடினால் போதுமா? மணலுக்கடியில் மெல்லிய படலமாக நிற்கும் நன்னீரில் உப்பு ஏறினால், குழி வெட்டி வளர்க்கும் புலாக்கா என்ற சேம்பு அழுகிவிடும். குடிநீருக்கு ஏற்கெனவே மழையைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

"துவாலு மக்கள் எல்லோரும் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள்" என்று சொல்வதும் தவறு. ஆஸ்திரேலியாவுடன் 2023-இல் கையெழுத்தான ஃபலேபிலி ஒப்பந்தப்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 280 பேருக்கே அங்கே குடியேற இடம். மக்கள்தொகையோ 10,000-க்குச் சற்று மேல். அதே ஆண்டில் தலைநகர் ஃபுனாஃபுட்டியில் மணல் கொட்டி ஏறத்தாழ 7 ஹெக்டேர் நிலத்தை உயர்த்தி எழுப்பியிருக்கிறார்கள். ஊரைக் காலி செய்பவர்கள் செய்கிற வேலையா அது?