பதினாறாம் மாத ஊசி

எங்க வியாசர்பாடிப் பக்கம் ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் சிலர், பதினாறாம் மாத ஊசி என்றதும் நழுவிவிடுகிறார்கள். "அதான் ஒண்ணு போட்டாச்சே, மறுபடி எதுக்கு? ராத்திரி பூரா காய்ச்சல்ல அழும்" என்று ஆயா சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. ரெண்டாவது ஊசி ஏதோ கூடுதல் டானிக் என்ற நினைப்புதான் கோளாறு.

தட்டம்மை ஊசியில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த வைரஸ். 1954-ல் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்மன்ஸ்டன் என்ற பையனிடமிருந்து எடுத்த வைரஸைக் கோழிக்கருச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்து அடக்கியதன் வழிவந்ததுதான் இன்று நம் பிள்ளைகளுக்குப் போடுவதும். அது உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்புச் செல்கள் அதன் முகத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் வயிற்றில் இருக்கும்போதே அம்மா கொடுத்தனுப்பிய ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்து முடக்கும் புரதம், குழந்தையின் ரத்தத்தில் பல மாதம் சுற்றும்; ஊசியில் வந்த வைரஸையும் அது விட்டுவைக்காது. அதற்காகத்தான் ஒன்பது மாதம் வரை காத்திருக்கிறார்கள். அப்போதும் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் ஊசி பிடிக்கிறது. மீதிப் பேருக்கு அட்டையில் மட்டும் டிக் இருக்கும், உடம்பில் ஒன்றும் இருக்காது. அவர்கள் யார் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதனால்தான் எல்லாருக்கும் ரெண்டாவது.

தட்டம்மை வந்தவர் இருமிவிட்டுப் போன அறையில் வைரஸ் 2 மணி நேரம் வரை காற்றில் தங்கும். கதவுக்கு எதிர்க்கதவு இருக்கும் நம்ம ஹவுசிங் போர்டு வராந்தாவை யோசித்துப் பாருங்கள். வேப்பிலை செருகுவதில் எனக்குச் சண்டை இல்லை, ஆள் வராமல் தடுக்கிறதே. ஆனால் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பிருந்தே நோய் பரவுகிறது; வேப்பிலை வாசலுக்கு வரும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒட்டியிருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் முடிந்தது என்பதும் தப்பு. இந்த வைரஸ் பழைய நோய்களைப் பற்றிய உடம்பின் நினைவையும் அழித்துவிட்டுப் போகிறது. அம்மை இறங்கிய பிள்ளைக்குப் பின்னாலேயே பேதியும் நிமோனியாவும் வருவது சும்மா இல்லை.

காய்ச்சல் வரும்தான். அன்று ராத்திரியே வருவது பெரும்பாலும் கூடவே போடும் முத்தடுப்பு ஊசியால். தட்டம்மை ஊசிக்காரக் காய்ச்சல் ஒரு வாரம் கழித்துத்தான் எட்டிப்பார்க்கும், அதுவும் சிலருக்கு. நர்சம்மா சொல்கிற அளவில் பாராசிட்டமால் கொடுத்தால் போதும்.

மாதம் தாண்டிவிட்டதே என்று கூச்சப்பட்டு வீட்டில் உட்கார வேண்டாம். விட்டுப்போன ஊசியை 5 வயது வரைக்கும் போடுகிறார்கள். புதன்கிழமை அட்டையை எடுத்துக்கொண்டு ஊசி போடுகிற சுகாதார நிலையத்துக்குப் போங்க.